முன்பக்கம் ஒரு பல் குறைக்கலாமா? மலைப் பயணத்துக்கு எந்த ஸ்ப்ராக்கெட்

சிங்கப்பூரில் தீபாவளியை ஒட்டி நீண்ட வார இறுதி வந்துவிட்டால் போதும், என்னிடம் ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வரும். "அண்ணா, மனைவியை ஏற்றிக்கொண்டு மலேசியாவின் கேமரன் மலைக்குப் போகிறேன். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறைத்துவிடட்டுமா?" ஸ்ப்ராக்கெட் என்பது சங்கிலி ஓடும் பல்சக்கரம்; எஞ்சின் பக்கம் ஒன்று, பின்சக்கரத்தில் ஒன்று. கேட்பவர் 2ஏ உரிமம் (400 சிசி வரையிலான மோட்டார்சைக்கிளுக்கானது) எடுத்துச் சில மாதங்களே ஆனவராக இருப்பார். வண்டி பெரும்பாலும் ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோர். யாரோ ஒரு நண்பர் "ஒரு பல் குறைத்தால் மலை ஏறுவது வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று சொல்லியிருப்பார். அந்த நண்பர் மலை ஏறினாரா என்று கேட்டால் பதில் வராது.

நான் அந்தப் பல்லைக் குறைத்துப் பார்த்தவன். ஏறியும் பார்த்தேன். இறங்கி வந்த பிறகு மறுபடி மாற்றியும்விட்டேன். அதனால் இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு மாற்றமே தேவையில்லை. தேவைப்படுகிறவர்களும் மலைக்காக அல்ல, வேறொரு காரணத்துக்காகவே மாற்ற வேண்டும்.

ஒரு பல் என்பது எவ்வளவு?

சிபி400-இல் முன்னே 15 பல், பின்னே 44 பல். 44-ஐ 15-ஆல் வகுத்தால் 2.93. முன் ஸ்ப்ராக்கெட் ஏறக்குறைய மூன்று முறை சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு முறை சுற்றும். முன்பக்கம் 14 ஆக்கினால் விகிதம் 3.14. அதாவது ஒவ்வொரு கியரிலும் நூற்றுக்கு 7 பங்கு கூடுதல் இழுவிசை, அதே அளவு குறைந்த வேகம்.

ஏழு பங்கு என்றதும் பெரிதாகத் தோன்றும். உங்கள் இடது காலுக்குக் கீழே இருக்கும் கியர் நெம்புகோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வண்டியின் ஆறாம் கியர் விகிதம் 1.130, ஐந்தாம் கியர் 1.240. ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கினாலே ஏறக்குறைய 10 பங்கு இழுவிசை கூடிவிடுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் 31 பங்கு. பணிமனைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கும் 7 பங்கைவிட அதிகமாக, கால் விரலின் ஒரு தட்டலில் இலவசமாகக் கிடைக்கிறது.

அப்படியானால் ஸ்ப்ராக்கெட் எதற்கு? இரண்டு இடங்களில் மட்டுமே அதற்கு வேலை. முதல் கியரிலும் ஆறாம் கியரிலும். முதல் கியருக்குக் கீழே இறங்க வேறு கியர் இல்லை, ஆறாம் கியருக்கு மேலே ஏறவும் வேறு கியர் இல்லை. நடுவில் இருப்பதையெல்லாம் கியர்ப் பெட்டியே பார்த்துக்கொள்ளும்.

     

எதை வைத்து முடிவெடுப்பது?

முதலாவது, கிலோமீட்டர்கள் எங்கே கரைகின்றன என்பது. சிங்கப்பூரிலிருந்து கேமரன் மலையின் நகரமான தானா ராத்தா ஏறத்தாழ 550 கிலோமீட்டர். அதில் அடிவார ஊரான தாப்பாவிலிருந்து மேலே ஏறும் வளைவுச் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர்தான். மீதி முழுவதும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை. போய்வர 1,100 கிலோமீட்டர் என்றால் மலையின் பங்கு அதில் ஒன்பதில் ஒன்று. அதன் பிறகு வரும் மாதங்களில் வண்டி ஓடப்போவது சிங்கப்பூரின் பான் தீவு விரைவுச்சாலையிலும் அடுக்குமாடிக் கார் நிறுத்தங்களிலும்.

இரண்டாவது, சுமை. தனியாகப் போகிறீர்களா, பின்னிருக்கையில் ஆளும் இரண்டு பக்கப் பெட்டியுமா?

மூன்றாவது, உங்கள் எஞ்சின் எந்தச் சுற்றில் உயிர்பெறுகிறது என்பது. சிபி400-இன் பிற்கால வகைகளில் விடெக் (சுற்று கூடியதும் கூடுதல் வால்வுகளைத் திறக்கும் அமைப்பு) நிமிடத்துக்கு 6,300 சுற்றுக்கும் 6,750-க்கும் இடையே விழித்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் உங்கள் வழக்கமான வேகம் இந்த எல்லைக்கு மேலே விழுகிறதா, கீழே விழுகிறதா, அல்லது நடுவில் மாட்டிக்கொள்கிறதா என்பது நாள் முழுவதும் உங்கள் காதும் கையும் படும் பாட்டைத் தீர்மானிக்கும்.

நான்காவது, சங்கிலி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. பாதி தேய்ந்த சங்கிலியில் புதிய ஸ்ப்ராக்கெட்டைப் பொருத்தினால் புதியதையும் அது சீக்கிரம் தின்றுவிடும்.

ஐந்தாவது, வேகமானியும் காப்பீடும். எளிதில் திரும்ப முடியுமா என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்கள்

கீழே இருப்பவை என் கணக்கு. பின் டயர் 160/60-17, சுற்றளவு 1.96 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். டயர் தேய்ந்திருந்தால் சற்று மாறும். சுற்று என்பது நிமிடத்துக்கு.

| முன்/பின் பல் | முதல் கியரில் 1,200 சுற்றில் வேகம் | இரண்டாம் கியரில் மணிக்கு 20 கி.மீ. | ஆறாம் கியரில் மணிக்கு 90 கி.மீ. | ஆறாம் கியரில் மணிக்கு 110 கி.மீ. |
|---|---|---|---|---|
| 15/44 (இருப்பது) | 6.7 கி.மீ. | 2,480 சுற்று | 5,510 சுற்று | 6,730 சுற்று |
| 14/44 | 6.3 கி.மீ. | 2,660 சுற்று | 5,900 சுற்று | 7,210 சுற்று |
| 15/46 | 6.4 கி.மீ. | 2,600 சுற்று | 5,760 சுற்று | 7,040 சுற்று |
| 16/44 | 7.1 கி.மீ. | 2,330 சுற்று | 5,160 சுற்று | 6,310 சுற்று |

மணிக்கு 90 என்பது நம் விரைவுச்சாலைகளின் உச்ச வரம்பு. 110 என்பது மலேசிய நெடுஞ்சாலையின் வரம்பு. 20 என்பது காய்கறி லாரிக்குப் பின்னால் கேமரன் வளைவில் ஊர்ந்து ஏறும் வேகம்.

இருப்பதை அப்படியே விடுவது (15/44)

செலவு இல்லை என்பது மட்டும் இதன் சிறப்பல்ல. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 13 பங்கு குறைந்துவிடும், எஞ்சினின் வலுவும் அதே கணக்கில் குறையும். ஒரு பல் தரும் 7 பங்கு அந்த இழப்பைக்கூட ஈடுகட்டாது. ஒரு கியர் கீழே இறங்கினால் ஈடாகிவிடும்.

பலருக்கு இதில் தயக்கம் இருக்கிறது. ஓட்டுநர் பள்ளியில் கற்றுக்கொண்டபோது குறைந்த சுற்றில் அமைதியாக ஓட்டியே பழகியிருக்கிறார்கள். எஞ்சின் 7,000 சுற்றில் பாடினால் ஏதோ உடைந்துவிடும் என்று பயந்து கிளட்ச்சைப் பிடிக்கிறார்கள். இந்த எஞ்சின் 10,000-க்கு மேல்தான் தன் முழு வலுவையும் காட்டும். மூன்றாம் கியரில் 6,000 சுற்றில் மலை ஏறுவதை அது துன்பமாக நினைப்பதில்லை.

தனியாகப் போகிறவர், ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே மலை ஏறுகிறவர், வண்டியை இன்னும் முழுதாகப் பழகாதவர் எல்லாரும் இந்தப் பிரிவில்தான். மலேசியாவின் கெந்திங் மலைச் சாலை கேமரனைவிடச் செங்குத்தானது. அங்கேயும் இதே வண்டி ஆளும் பெட்டியுமாக ஏறுகிறது.

முன்பக்கம் ஒரு பல் குறைப்பது (14/44)

எல்லாரும் கேட்பது இதைத்தான். விலை குறைவு. மூடியைக் கழற்றி, சங்கிலியைத் தளர்த்தி, ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் முடிந்தது. பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிவிடலாம். சோதித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

நான் மாட்டிக்கொண்டு போனபோது தாப்பாவுக்கு மேலே மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டிய வளைவுகளில் இரண்டாம் கியர் கொஞ்சம் கூடுதலாகத் துள்ளியது. அந்த மகிழ்ச்சி ஒன்றரை மணி நேரம். அதற்கு முன்னும் பின்னும் நெடுஞ்சாலையில் 7,200 சுற்றில் மணிக்கணக்காக ஓட்டியதில் விடெக் ஒரு நொடிகூடத் தூங்கவில்லை. கோலாலம்பூரைத் தாண்டும்போது வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போயின. பெட்ரோல் நிரப்ப வழக்கத்தைவிட ஒரு முறை கூடுதலாக நின்றோம். வெளிநாட்டு வண்டிக்கு மலேசியாவில் ரான் 95 வகைப் பெட்ரோல் ஊற்ற முடியாது, 97-தான். என் மனைவிக்குப் பின்னிருக்கையின் அதிர்வு பிடிக்கவில்லை, அதை ஈப்போ வெள்ளைக் காப்பி வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு. சிறிய முன் ஸ்ப்ராக்கெட்டில் சங்கிலி இன்னும் கூர்மையாக வளைய வேண்டும். எஞ்சினின் அதே விசைக்குச் சங்கிலியில் விழும் இழுப்பும் 7 பங்கு கூடுகிறது. இரண்டும் சேர்ந்து தேய்மானத்தைக் கூட்டும். பின்சக்கரத்தைத் தாங்கும் கையின்மேல் இருக்கும் ரப்பர்க் கட்டைக்குச் சங்கிலி நெருங்கி ஓடுவதால் அதுவும் உரசித் தேயும். ஒரு பல் குறைந்தால் பின் அச்சை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பின்னே தள்ளிச் சங்கிலியை இறுக்க வேண்டும். எனக்கு மாற்றித் தந்த பணிமனை அதைச் செய்ய மறந்துவிட்டது. துவாஸ் எல்லைச் சோதனைச்சாவடியைத் தாண்டும்வரை கீழே ஏதோ தட்டிக்கொண்டே வந்தது, ஏன் என்று எனக்கும் புரியவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இதை நான் முற்றாக ஒதுக்கவில்லை. பட்டியலில் முதல் எண் வரிசையைப் பாருங்கள். முதல் கியரில், இருக்கும் 15 பல்லோடு கிளட்ச்சை முழுதாக விட்டால் வண்டி மணிக்கு 6.7 கிலோமீட்டரில் போகும். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு, ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் நகரும் மோட்டார்சைக்கிள் வரிசையின் வேகம் நடப்பவரின் வேகத்தைவிடக் குறைவு. அரைக் கிளட்ச்சில்தான் ஊர வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், போகவும் வரவும். கிளட்ச் தட்டுகளைத் தின்பது கேமரன் மலை அல்ல, அந்த ஒரு கிலோமீட்டர் பாலம்தான். ஜொகூரில் குடியிருந்து இங்கே வேலைக்கு வந்துபோகும் நம்மவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு 14 பல் நல்ல முடிவு. சங்கிலி கொஞ்சம் முன்னதாகத் தேயட்டும், கிளட்ச் பிழைக்கும், இடது கையும் பிழைக்கும்.

பின்பக்கம் இரண்டு பல் கூட்டுவது (15/46)

இது பொறுமைசாலிகளின் வழி. விகிதம் 3.07, அதாவது நாலரைப் பங்கு மட்டுமே கூடுகிறது. முன் ஸ்ப்ராக்கெட்டின் அளவு மாறாததால் சங்கிலி கூர்மையாக வளைவதில்லை, ரப்பர்க் கட்டையும் உரசாது. எஞ்சின் தரும் இழுப்பும் சங்கிலியில் பழைய அளவிலேயே இருக்கும். தொழில்நுட்பமாகப் பார்த்தால் முன்பக்கம் குறைப்பதைவிட இதுவே நாகரிகமான தீர்வு.

தொந்தரவு பணத்திலும் இடத்திலும் இருக்கிறது. பின் ஸ்ப்ராக்கெட் விலை கூடியது. மாற்றப் பின்சக்கரத்தைக் கழற்ற வேண்டும். இரண்டு பல் கூடும்போது அச்சு ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் முன்னே நகர வேண்டும். சங்கிலி புதிதாக இருந்து, அச்சு ஏற்கெனவே முன்பக்கம் ஒட்டி நின்றால் இடம் போதாது. அப்போது இரண்டு கண்ணி நீளமான சங்கிலிதான் வாங்க வேண்டும். ஒற்றைக் கண்ணியாகக் கூட்ட முடியாது, இரட்டையாகத்தான் கூட்ட முடியும் என்பதை மறந்துவிட்டு ஒரு கண்ணிக்கு விலை கேட்டவரை எனக்குத் தெரியும். அவர் நானில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை.

எப்படியும் சங்கிலியும் இரு ஸ்ப்ராக்கெட்டும் மாற்ற வேண்டிய காலம் வந்திருந்தால், பின்னிருக்கையில் ஆளோடு அடிக்கடி ஓட்டுபவர் இதைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தப் பயணத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

முன்பக்கம் ஒரு பல் கூட்டுவது (16/44)

மலைக்குப் போகிறேன் என்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆனால் அவருடைய பயணத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கு நெடுஞ்சாலை என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். 90-இல் 5,160 சுற்று. எஞ்சின் முணுமுணுக்கும் அளவில் ஓடும், பெட்ரோலும் மிச்சம்.

110-இல்தான் சிக்கல். 6,310 சுற்று என்பது விடெக் விழிக்கும் வாசலிலேயே நிற்கிறது. சிறு மேட்டில் கைப்பிடியைத் திருகினால் விழிக்கும், விட்டால் தூங்கும். மறுபடி விழிக்கும். மூன்று மணி நேரம் இப்படி ஓட்டினால் பொறுமை போய்விடும். 100-லேயே நிம்மதியாகப் போகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதல் கியர் 7.1 கிலோமீட்டருக்கு ஏறிவிடுவதால் கடற்பாலத்து வரிசையில் கிளட்ச்சுக்கு வேலை கூடும். மேட்டில் ஆளோடு நின்று கிளம்பும்போதும் அப்படியே. வாங்குமுன் பெரிய ஸ்ப்ராக்கெட்டுக்கு மூடிக்குள் இடமிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை தனியாக மலாக்காவுக்கோ கோலாலம்பூருக்கோ போய்வருகிறவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

2பி வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

2பி என்பது 200 சிசி வரையிலான வண்டிகளுக்கான உரிமம். மேலே சொன்ன கணக்கு 400 சிசி வண்டிக்கு. 150 சிசி வண்டியில் நிலைமை வேறு. அங்கே ஆளும் பெட்டியும் ஏறியபின் எதிர்க்காற்றில் மேல் கியரை எஞ்சினால் பிடித்து வைக்கவே முடிவதில்லை. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டே போக வேண்டும். இந்த நிலையில் விகிதத்தைச் சற்றுக் கூட்டினால் ஆறாம் கியர் மறுபடி பயனுக்கு வரும். உச்ச வேகம் குறைந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை. எட்டவே முடியாத உச்ச வேகத்தை இழப்பதில் என்ன நட்டம்? சிறிய வண்டியில் இருவராக அடிக்கடி போகிறவருக்கு, பின்பக்கம் இரண்டு பல் கூட்டுவதையே நான் முதலில் பார்ப்பேன். முன் ஸ்ப்ராக்கெட் ஏற்கெனவே சிறியதாக இருக்கும், அதை மேலும் சிறிதாக்க வேண்டாம்.

மாற்றுவதென்று முடிவானால்

வேகமானியின் உணரி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சக்கரத்தில் இருந்தால் கவலையில்லை. கியர்ப் பெட்டியிலிருந்து வேகத்தை அளக்கும் வண்டியில் கணக்கு மாறிவிடும். 14 பல்லில், உண்மையில் 100-இல் போனால் மானி 107 காட்டும். அதே விகிதத்தில் ஓடிய தூரமும் கூடுதலாகப் பதிவாகும், விற்கும்போது அது உங்களுக்கு எதிராகப் பேசும். 16 பல்லில் ஆபத்து மறுபக்கம். மானி 90 காட்டும்போது பல் கணக்கின்படி நீங்கள் 96 வரை போய்க்கொண்டிருக்கலாம். வேகக் கேமரா உங்கள் ஸ்ப்ராக்கெட்டை எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்று ஆண்டைத் தாண்டிய மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. வாகன மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன, அவற்றை ஒருமுறை படித்துவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உபியிலோ காக்கி புக்கிட்டிலோ நண்பர் கைகாட்டும் கடையில் "எல்லாரும் செய்கிறார்கள் தம்பி" என்று சொல்வார்கள். விபத்து நடந்த பிறகு அந்த வாக்கியத்தைக் காப்பீட்டு அதிகாரி ஏற்றுக்கொள்ள மாட்டார்.

பயணத்துக்கு முந்திய நாள் மாற்றாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் முன்னதாக மாற்றி, ஊருக்குள் ஓட்டிப் பார்த்து, சங்கிலியின் தளர்வை மறுபடி அளந்துவிட்டுக் கிளம்புங்கள். அச்சின் திருகாணியைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கியிருக்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். எல்லை தாண்டியதும் நேரே போகாமல் பாகோ ஓய்விடத்தில் தேநீருக்கு நிற்கும்போது ஒருமுறை குனிந்து சங்கிலியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும், கையுறையைக் கழற்றாதீர்கள்.